திருந்தியோர் பிரிவில் ஓர் இடம்

பூங்கொடி டீச்சர் தன் வாழ்நாளில் யார் மீதும் புகார் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை அரை அடி தள்ளிக் கட்டியபோதுகூட, அந்த அரை அடியில் நமக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டவள். கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாக நாலாம் வகுப்பு எடுக்கிறாள். அப்படிப்பட்டவள் ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பைத் தடுத்து நிறுத்தியிருக்கிறாள் என்ற செய்தி, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது அவள் வீட்டு வாசலுக்கு வந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவள் சாராள். அணுபுரம் குடியிருப்பில் காண்ட்ராக்டரிடம் பெருக்கும் வேலை பார்ப்பவள். கூடவே அவள் மகள் ஜெபா. பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று வாங்கியிருந்தாள். நாலாம் வகுப்பில் பூங்கொடியிடம் படித்தவள்.

சாராள் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். டீச்சர் என்ன ஏது என்று கேட்பதற்குள் காலில் விழுந்தாள்.

"மன்னிச்சிடுங்க டீச்சரே. எம் பொண்ணு தப்பு பண்ணிகீது. சின்ன வயசுல தெரியாம பண்ணிட்ச்சி. நீங்க மனசு வெச்சாத்தான் இதுக்குப் படிப்பு."

"அய்யோ எழுந்திரு சாராள், இன்னா இது!"

ஜெபா ஒரு காகிதத்தை நீட்டினாள். செங்கல்பட்டு சீலர் கலை அறிவியல் கல்லூரியிலிருந்து வந்த கடிதம். அந்தக் கல்லூரியில் மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒன்றாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒழுக்கப் பதிவேட்டின் நகலை மூடி முத்திரையிட்ட உறையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஜெபா மூன்று பள்ளிகளுக்கும் அலைந்து மூன்று உறைகளை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், பத்திரமாகப் பையில் வைத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அதில் ஒன்றுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

கடிதத்தில் இப்படி இருந்தது: "விண்ணப்பதாரர் நான்காம் வகுப்பில், செப்டம்பர் 14 அன்று, வகுப்பறைச் சாக்பீஸ் பெட்டி ஒன்றைத் திருடியதாகப் பதிவாகியுள்ளது. பதிவு செய்தவர்: பூங்கொடி, வகுப்பாசிரியை. எனவே வேதியியல் பட்டப்படிப்புக்கான சேர்க்கை, முன்வாழ்க்கை ஒழுக்க ஆய்வுக் குழுவின் முடிவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது."

பூங்கொடி இரண்டாவது முறை படிக்கவில்லை. படிக்கவேண்டிய அவசியம் இல்லை. அந்த வரியை எழுதிய பேனாவின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஜெபா மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், நான் எடுத்தனா? எனக்கு ஞாபகமே இல்ல. யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன். ஆனா நீங்க எழுதிகிறீங்க. அப்ப எடுத்துத்தானே இருப்பேன்?"

இந்த இடத்தில் பூங்கொடி சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று உண்டு. அவள் சொன்ன பதில் வேறு.

"சின்ன வயசும்மா. அதெல்லாம் ஞாபகம் இருக்காது. நான் பாத்துக்கறேன்."

இட்லி அடிப்பிடித்த வாசனை வந்தது. அதைச் சாக்காக வைத்து உள்ளே போனாள்.

நடந்தது இதுதான். அப்போது ராஜாராம் தலைமையாசிரியர். மறுநாள் ஆண்டாய்வுக்கு அதிகாரி வரப்போகிறார் என்று கணக்குப் பதிவேடு, வருகைப் பதிவேடு, விதைப்பந்து வழங்கல் பதிவேடு என்று எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தவர், ஒழுக்கப் பதிவேட்டைத் திறந்து பார்த்து அதிர்ந்துபோனார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளையாக இருந்தது.

"இன்னாம்மா இது? ஒண்ணுமே இல்ல?"

"பசங்க ஒண்ணும் பண்ணல சார்."

"பண்ணலன்னா? நூத்தியெம்பது பசங்க படிக்கறாங்க. ஒரு தப்புகூட நடக்கலன்னா ஆபீசர் நம்புவாரா? நாம கவனிக்கலன்னு இல்ல அர்த்தம்? ஒழுங்கீனத்தக் கண்டுபுடிக்கிற பள்ளிக்கூடந்தாம்மா ஒழுக்கமான பள்ளிக்கூடம். கிளாசுக்கு ஒரு பேரு. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

பூங்கொடி தன் வகுப்பின் முப்பத்தொரு பெயர்களையும் பார்த்தாள். மளிகைக்கடைக்காரர் மகன் நிஜமாகவே சேட்டைக்காரன். ஆனால் அவன் அப்பா பெற்றோர் சங்கத்தில் இருந்தார். பொறியாளர் மகள் நேற்றுத்தான் ஒருத்தியைக் கிள்ளினாள். ஆனால் அவள் அம்மா ஆங்கிலத்தில் கேள்வி கேட்பாள். இப்படி ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யாரோ ஒருவர் பள்ளிக்கு வந்து நின்றார்கள். ஜெபாவின் பெயருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அவள் அம்மா காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு அணுபுரம் போனால் திரும்புவதற்குள் பள்ளிக்கூடம் பூட்டிவிடும்.

"ஜெபா: வகுப்பில் பேசினாள்" என்று எழுதிக்கொண்டு போனாள்.

"பேசறதெல்லாம் ஒரு குத்தமா? கொஞ்சம் கனமா எழுதும்மா" என்றார் ராஜாராம்.

கனமாக எழுதினாள். ஏதாவது ஒரு பழைய தேதியைப் போட்டாள். மறுநாள் அதிகாரி வந்தார், பார்த்தார், "பதிவேடு திருப்திகரமாகப் பராமரிக்கப்படுகிறது" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார். அதன்பிறகு பூங்கொடி அந்த வருடம் முடியும்வரை ஜெபாவுக்கு இரண்டு மூன்று முறை பென்சில் வாங்கிக் கொடுத்தாள். அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

நேராகவில்லை என்று இப்போது தெரிந்தது. மறுநாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் செய்யூருக்குப் பஸ் ஏறினாள். ஓய்வுபெற்ற ராஜாராம் அங்கே சவுக்குத் தோப்பு வைத்திருந்தார். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மரங்களுக்கு நம்பர் போட்ட நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்கொடி விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அந்தப் பதிவேடா! காலேஜ்காரன் வரைக்கும் போயிருக்கா! பாத்தியாம்மா, அன்னிக்கி நீங்கள்லாம் முணுமுணுத்தீங்க. மாவட்டத்துலயே சிறந்த பராமரிப்புன்னு எனக்கு லெட்டர் குடுத்தாங்க தெரியுமில்ல?"

"சார், அது பொய் சார். நாம எழுதுனது."

"எழுதுனது பொய்யா இருக்கலாம். பதிவேடு பொய் இல்ல. அதுல ஆபீசர் கையெழுத்து கீது."

"அந்த வரிய அடிச்சிட்டு…"

ராஜாராம் கட்டிலிலிருந்து எழுந்தேவிட்டார். "அடிக்கறதா? அடிச்சா பதிவேடு அசிங்கமாப் போயிடும்மா."

"ஒரு பொண்ணு வாழ்க்கை போவுது சார். கவர்மெண்ட் காலேஜ்ல லிஸ்ட் முடிஞ்சிட்ச்சி."

"பொண்ணு அடுத்த வருசம் வேற காலேஜ் போவும். பதிவேடு எங்கம்மா போவும்?"

இருந்தாலும் அவர் இரக்கமில்லாதவர் அல்ல. வாசல்வரை வந்து ஒரு வழி சொன்னார். திருடிய பொருள் திரும்பக் கிடைத்துவிட்டதாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும். "குற்றம் அப்படியே இருக்கும், ஆனா தீர்ந்துபோன குற்றம் ஆயிடும்."

பூங்கொடிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நல்ல யோசனை என்பதைவிட, உண்மையைச் சொல்லாமலே தப்பிக்கிற யோசனையாகப் பட்டது. திரும்பும் வழியில் ஸ்டேஷனரிக் கடையில் ஒரு சாக்பீஸ் பெட்டி வாங்கினாள். இரவு கடிதத்தையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

புதன்கிழமை மூன்று பேரும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். கல்லூரி வாசலில் பத்தடி உயரத்துக்கு ஒரு பலகை: "வருங்காலத்தை உருவாக்குகிறோம். கடந்தகாலத்தைச் சரிபார்த்த பிறகு." அலுவலகத்தில் வரதன் என்ற எழுத்தர் இருந்தார். அவர் ஜெபாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேசைமேல் கிடந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஜெபா தலையைக் குனிந்துகொண்டாள். பூங்கொடி அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாள்.

"குற்றவாளியும் பெற்றோரும் பெஞ்சுல உக்காருங்க. சாட்சி மட்டும் உள்ள போவலாம்" என்றார் வரதன்.

ஆய்வுக் குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் தலையாட்டுவதற்காக இருந்தார்கள். தலைவர் முனைவர் பார்த்திபன். ஐந்து பேர் இருக்கும் அறையிலும் ஐந்நூறு பேருக்குப் பேசும் குரல் அவருக்கு.

"அம்மா, இங்கே சிலர் கேட்கிறார்கள், ஒன்பது வயதில் செய்த பிழைக்குப் பதினெட்டு வயதில் தண்டனையா என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். ஒன்பது வயதில் கற்ற வாய்ப்பாடு பதினெட்டு வயதில் மறந்துவிடுகிறதா? பிறகு திருட்டு மட்டும் எப்படி மறக்கும்? போன வருடம் ஒரு மாணவனை ஒன்றாம் வகுப்பில் நகம் கடித்ததற்காகத் திருப்பி அனுப்பினோம். நகம் கடிப்பவனுக்குச் சோதனைக்கூடத்தில் அமிலத்தைக் கொடுக்க முடியுமா? இன்னொரு மாணவி. பன்னிரண்டு வருடமும் ஒரு குற்றமும் இல்லை. அவளையும் நிறுத்திவைத்தோம். இவ்வளவு திறமையாக மறைக்கத் தெரிந்தவள் எங்களுக்கு எதற்கு?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

பூங்கொடி சாக்பீஸ் பெட்டியையும் கடிதத்தையும் மேசைமேல் வைத்தாள். "பொருள் திரும்ப வந்துடுச்சி சார். பொண்ணு ஒப்படைச்சிட்டா."

பார்த்திபன் கடிதத்தைப் படித்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. "அப்படியென்றால் திருடியது உறுதி. இதுவரை ஆசிரியர் தரப்புக் குறிப்பு மட்டும்தான் இருந்தது. இப்போது பொருளே வந்துவிட்டது." பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் அச்சிட்டிருந்ததைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். முகம் மாறியது. "இது இந்த ஆண்டு தயாரானது. ஒன்பது வருடத்துக்கு முன்பு திருடிய பெட்டி இந்த ஆண்டு எப்படித் தயாராகும்? ஆக, போலிப் பொருளைக் கொடுத்துக் குழுவை ஏமாற்றும் முயற்சி." பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "விண்ணப்பதாரர் பெயரில் இதையும் சேருங்கள்."

அவர் எழுத ஆரம்பித்தார். பேனா காகிதத்தில் ஓடுவதைப் பார்த்ததும் பூங்கொடி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"எழுதாதீங்க சார்! பெட்டி நான் வாங்குனது. அந்தப் பொண்ணு எதுவும் திருடல. இன்ஸ்பெக்‌ஷனுக்காக நான் பொய்யா எழுதுனேன். கேக்க ஆள் இல்லாத பொண்ணுன்னு அவ பேரப் போட்டேன். தப்பு என்னோடது."

ஒன்பது வருடத்தில் முதல்முறையாகத் தன் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். இனி என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பார்த்திபன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அம்மா, எங்களிடம் உங்கள் கையெழுத்திட்ட ஆவணம் இருக்கிறது. அதற்கு எதிராக உங்கள் வாய்மொழி இருக்கிறது. அன்று நீங்கள் ஒன்பது வயது இளையவர், நினைவாற்றல் அதிகம். ஆகவே அன்றைய பூங்கொடியைத்தான் நாங்கள் நம்ப முடியும். இன்றைய பூங்கொடியை நம்ப வேண்டுமென்றால், நீங்கள் நம்பத்தக்கவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும்."

"இன்னா ஆதாரம் சார்?"

"உங்களுடைய பள்ளி ஒழுக்கப் பதிவேட்டின் நகல். ஒன்றாம் வகுப்பிலிருந்து. மூடிய உறையில்."

பூங்கொடிக்கு ஐம்பத்திரண்டு வயது. படித்தது திருக்கழுக்குன்றத்தில். மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போய், தான் இன்னார் என்று சொல்லி, பழைய அறையில் கட்டுக் கட்டாகக் கிடந்த நோட்டுகளில் தன் காலத்து நோட்டு தேடி எடுக்கப்படும் வரை காத்திருந்தாள். அங்கிருந்தவர்கள் தும்மிக்கொண்டே நகல் எடுத்து, உறையில் போட்டு, அரக்கு வைத்துக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாராளையும் ஜெபாவையும் கூட்டிக்கொண்டு போய், அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உறையைப் பார்த்திபன் முன் வைத்தாள். உள்ளே என்ன இருக்கும் என்ற கவலை அவளுக்குத் துளியும் இல்லை.

பார்த்திபன் உறையைக் கிழித்தார். படித்தார். பிறகு அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஆறாம் வகுப்பு. பூங்கொடி. ஆசிரியரிடம் பொய் சொன்னாள்."

பூங்கொடி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பொய்? யாரிடம்? நினைவுக்கு எட்டியவரை அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் சொல்லித்தானே இருக்க வேண்டும்? வீட்டுப்பாடம் செய்யாததற்கு வயிற்றுவலி என்று சொன்னோமோ? கீழே ஆசிரியர் கையெழுத்து இருந்தது. யாருடையது என்று புரியவில்லை. அதற்குக் கீழே பச்சை மையில் வேறொரு கையெழுத்து இருந்தது.

"பொய் சொல்லும் வழக்கமுள்ளவர் என்று உங்கள் பள்ளியே சான்று அளித்திருக்கிறது. ஆகவே நீங்கள் பொய் எழுதியதாகச் சொல்வதும் பொய்யாக இருக்க வாய்ப்புண்டு" என்றார் பார்த்திபன்.

பூங்கொடி அழுதுவிட்டாள். பார்த்திபனுக்குச் சங்கடமாகப் போயிற்று. அவரும் இரக்கமில்லாதவர் அல்ல. மேசை டிராயரைத் திறந்து ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்தார்.

"வழி இல்லாமல் இல்லை. இந்த ஆண்டிலிருந்து திருந்தியோர் சிறப்புப் பிரிவு என்று ஐந்து இடங்கள் ஒதுக்கியிருக்கிறோம். ஆகஸ்டில் கல்லூரியின் தரத்தை மதிப்பிடத் தரக்குழு வருகிறது. எங்கள் கல்லூரி மனிதர்களைத் திருத்துகிறது என்று விளம்பரத்தில் சொல்கிறோம். ஒரு திருந்தியவர்கூட இல்லையென்றால் தரக்குழு நம்புமா? ஐந்து இடத்துக்கும் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. உங்கள் மாணவி திருடியதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடட்டும். திருத்திய ஆசிரியை என்ற இடத்தில் நீங்கள் போடுங்கள். வேதியியலிலேயே இடம் தருகிறோம்."

குரல் வேறாக இருந்தாலும் இந்தப் பேச்சைத் தான் முன்பே கேட்டிருப்பதாகப் பூங்கொடிக்குத் தோன்றியது.

படிவத்தோடு வெளியே வந்தாள். சாராள் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஜெபா மட்டும் பெஞ்சில் இருந்தாள். பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ராஜாராம் சொன்னதை, தான் எழுதியதை, ஏன் அவள் பெயரை எழுதினாள் என்பதை. அந்தக் கடைசியை மட்டும் படிவத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஜெபா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்போ நான் எடுக்கல."

"எடுக்கலம்மா."

"ரெண்டு வாரமா டீச்சர். நான் திருடிதான் போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எந்தப் பையில வெச்சிருப்பேன், எங்க போட்டிருப்பேன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். அன்னிக்கி உங்க வூட்ல கேட்டேனே, அப்பவே சொல்லி இருக்கலாமே."

"தப்புதாம்மா. வா, இந்தப் படிவம் வேணாம். கலெக்டர் ஆபீசுக்குப் போவலாம். எழுத்துல குடுக்கறேன், என் வேலை போனாலும் பரவால்ல."

ஜெபா அவள் கையிலிருந்து படிவத்தை வாங்கிப் படித்தாள். இருபக்கமும் படித்தாள்.

"கலெக்டர் ஆபீசு போனா எவ்ளோ நாள் ஆவும்?"

பூங்கொடிக்குத் தெரியவில்லை.

"கிளாஸ் திங்கக்கெழம ஆரம்பிக்குது டீச்சர். பேனா குடுங்க." கையெழுத்துப் போட்டாள். "இனிமே நான் திருடலன்னு எங்கயும் சொல்லிடாதீங்க. திருந்துன பிரிவுல சீட்டு குடுத்துட்டு, திருடவே இல்லன்னு தெரிஞ்சா தூக்கிடுவாங்க. அம்மாகிட்டயும் சொல்லாதீங்க. அது வந்து இங்க சண்டை போடும்."

பூங்கொடி "திருத்திய ஆசிரியை" என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். ஜெபாவைப் பற்றி அவள் போட்ட மூன்றாவது பொய்க் கையெழுத்து அது. முதல் கையெழுத்துப் போட்டபோது இவ்வளவு நேரம் ஆகவில்லை.

ஆகஸ்டில் தரக்குழு வந்தது. அதற்காகக் கல்லூரி அரங்கத்தில் "திருந்தியோர் நாள்" கொண்டாடினார்கள். ஐந்து இடங்களில் நான்கு காலியாகவே இருந்ததால் ஜெபா ஒருத்தியே ஐந்து பேருக்கான மாலையையும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சாராள் முதல் வரிசையில் கஞ்சி போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தாள். பூங்கொடி மேடையில்.

பார்த்திபன் பேசினார். "நூறு நல்லவர்களைச் சேர்த்துக்கொள்வது எந்தக் கல்லூரிக்கும் எளிது. ஒரு கெட்டவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு உழைப்பு தேவை தெரியுமா? அறுநூறு உறைகளைப் பிரித்தோம். அறுநூறு! அதன் பிறகுதான் இந்த ஜெபா கிடைத்தாள்!" தரக்குழுவினர் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு ஜெபா பேசினாள். மாலைகளுக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. அன்று மழை பெய்ததாகச் சொன்னாள். வகுப்பில் யாரும் இல்லை என்றாள். பெட்டியைப் பாவாடை மடிப்பில் மறைத்து எடுத்துப் போனதாகவும், பயத்தில் கடற்கரை மணலில் புதைத்ததாகவும், மறுநாள் டீச்சர் அடிக்காமல் தலையைத் தடவிக் கேட்டதும் அழுததாகவும் சொன்னாள். அரங்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வரதன் தன் பேனாவை எடுத்து, எல்லோரும் பார்க்க, மேசைமேல் வைத்தார்.

ஜெபா ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பொய் இவ்வளவு நன்றாகச் சொல்ல இந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று பூங்கொடி நினைத்தாள். நினைத்த உடனே மேடையின் கம்பளத்தைப் பார்த்தாள்.

பூங்கொடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். எதிரே ஐந்நூறு முகங்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஒன்பது வருடப் பாரம் இறங்கிவிடும். இறங்கும் இடம் ஜெபாவின் தலையாக இருக்கும். ஜெபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபா நல்ல பொண்ணு" என்றாள் பூங்கொடி. "அப்பவும் நல்ல பொண்ணுதான்."

பார்த்திபன் சட்டென்று ஒலிபெருக்கியை வாங்கினார். "அப்போது அல்ல. இப்போது. ஆசிரியர்களுக்கே உரிய தாயுள்ளம், பொறுத்துக்கொள்ளுங்கள்." கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

விழா முடிந்து ஜெபா வகுப்புக்குப் போய்விட்டாள். பூங்கொடியும் சாராளும் ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். கல்பாக்கம் பஸ் இன்னும் வரவில்லை. வெயிலில் தார் இளகியிருந்தது. சாராள் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நன்றி டீச்சரே. நீங்க இல்லன்னா எம் பொண்ணு படிப்பு இல்ல."

இந்த வார்த்தையைத்தான் பூங்கொடியால் தாங்க முடியவில்லை. ஜெபாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினாள்.

"சாராள், உன் பொண்ணு திருடல. நான்தான் பொய்யா எழுதுனேன்."

சாராள் விசிறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சரே."

"ஜெபா சொல்லிட்டாளா?"

"அவ எதுவும் சொல்லல. நீங்க எழுதுன தேதியில அவ ஸ்கூலுக்கே வர்ல. அம்மை போட்டு பதினஞ்சி நாளு வூட்லயே கெடந்தா. நான் வேலைக்கிப் போவாம கூடவே உக்காந்துகினு இருந்தேன், எனக்கு அந்தத் தேதி மறக்குமா? லெட்டரு வந்த மொத நாளே காலேஜ்ல போயி சொன்னேன். லீவு லெட்டர் குடுத்தியான்னு கேட்டாரு, இன்னிக்கி மேடையில பேசுனாரே அந்தப் பெரியவரு. இல்லன்னேன். அப்போ லெட்டர் குடுக்காம பதினஞ்சி நாள் வராததையும் சேத்து எழுதவான்னாரு. வாய மூடிக்கினு வந்துட்டேன்."

"தெரிஞ்சிகினா… அன்னிக்கி என் கால்ல வுழுந்தே?"

"பின்ன இன்னா பண்றது? வாசல்ல வந்து நின்னு, பொய் எழுதிகிறீங்கன்னு கேட்டிருந்தா நீங்க காலேஜுக்கு வந்திருப்பீங்களா? கதவ சாத்தி இருப்பீங்க. நீங்க எழுதுனத நீங்க வந்து சொன்னாத்தான் செல்லும். அதான் வுழுந்தேன்."

பஸ் உள்ளே நுழைந்து திரும்பியது. சனங்கள் முண்டியடித்தார்கள். சாராள் கூட்டத்தைப் பிளந்து ஏறி, ஜன்னலோரம் ஓர் இடத்தைப் பிடித்து, பின்னால் வந்த பூங்கொடியை உட்காரவைத்தாள்.

"எப்பச் சொல்லுவீங்க எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "உங்க வூட்ல சொல்லல. பஸ்சுல எத்தினி வாட்டி போனோம், சொல்லல. சீட்டு கெடச்சி, மால போட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்றீங்க."

பூங்கொடியின் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் சாராளுக்காகப் பொன்னாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். சாராள் அங்கே உட்காரவில்லை. முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் வந்தார். பின்னால் இருந்த பூங்கொடியையும் முன்னால் நின்ற சாராளையும் மாறிமாறிப் பார்த்தார். இருவரும் சேர்ந்து ஏறியதைக் கவனித்திருப்பார் போல.

"புதுப்பட்டினந்தானே? ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?"

"இல்லண்ணா" என்றாள் சாராள், திரும்பிப் பார்க்காமல். "தனித்தனி."